பங்காளி வீட்டுப் புகை

குத்தாலத்துக்கு அருகில் உள்ள உழைப்பாளர் கூட்டுறவு அரிசி ஆலையின் களத்துத் தொழிலாளி அம்சவல்லி அம்மாள் மறைந்த பதினாறாம் நாள், ஆலை வாசலில் நடந்த இரங்கல் கூட்டத்தில், களத்துப் பெண்கள் சங்கச் செயலாளர் மரியபுஷ்பம் ஆற்றிய உரை.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கடைத்தெரு காதர் மைதீன் அண்ணன் அவர்களே! அவிந்த நெல்லைக் கிண்டிக் கிண்டிப் பாதம் பொசுங்கியும் நடந்தே வந்திருக்கும் களத்துத் தாய்மார்களே! மூட்டை தூக்கும் அண்ணன் தம்பிமார்களே! பாய்லருக்கு உமி தள்ளும் தோழர்களே! அம்சக்காவின் ஓர்ப்படி, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ராமாயி அக்கா அவர்களே! எல்லாருக்கும் என் வணக்கம்.

மேடையில் இன்னும் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவரைத்தான் முதலில் விளிக்க வேண்டும், அதுதான் மேடை முறை. நான் விளிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று யாரும் துண்டுச்சீட்டு அனுப்ப வேண்டாம். நம் ஆலையின் மேலாண்மை இயக்குநர் திரு. வீரையன் அவர்களை இன்றைக்கு என்ன சொல்லி அழைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் தோழர் என்று அழைத்தேன். அதற்கு இப்போது நா எழவில்லை. முதலாளி என்றால் அவருக்குக் கோபம் வருகிறது. அவர் எங்களைப் பங்காளி என்கிறார். அந்தப் பெயரால்தான் எங்கள் அம்சக்கா நொந்து செத்தாள். ஆகவே கொஞ்சம் பொறுங்கள், பேசி முடிப்பதற்குள் அவருக்குப் பொருத்தமாக ஒரு பெயரைக் கண்டுபிடித்து விடலாம்.

பெரியோர்களே! அழுது பேச வேண்டிய கூட்டம் இது. ஆனால் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. அம்சக்கா இருந்திருந்தால், "ஏன்டி புஷ்பம், மைக்கைப் புடிச்சா விட மாட்டியே, அதையாவது உருப்படியா பேசேன்" என்றிருப்பாள். உருப்படியாகவே பேசுகிறேன் அக்கா.

யார் இந்த அம்சவல்லி? பண்ணையில் பிறந்து பண்ணை வயலிலேயே நாற்றுப் பறித்து வளர்ந்தவள். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கொடு என்று நாம் அரிவாளைக் கீழே வைத்த வருஷம் நினைவிருக்கிறதா? பண்ணைக்காரர்கள் வெளியூரிலிருந்து லாரி லாரியாக ஆள் இறக்கினார்கள். நம் ஆண்களெல்லாம் கம்பைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அம்சக்கா கம்பை எடுக்கவில்லை. லாரிக்கு முன்னால் போய் நின்று, மேலே இருந்த பெண்களைப் பார்த்துக் கேட்டாள். "வாங்க தாயி, வெயில்ல வந்திருக்கீங்க. எங்க கூலியப் பாதியாக்கி உங்களுக்குக் குடுக்கப் போறாங்க. அடுத்த வருஷம் உங்க ஊருக்கு எங்கள ஏத்திக்கிட்டு வந்து உங்க கூலியப் பாதியாக்குவாங்க. நாங்க ஏறி வரட்டுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."  பிறகு லாரிமேல் இருந்த ஒரு கிழவி, "வண்டிய திருப்புடா" என்றாள். திருப்பிக்கொண்டு போனான்.

அந்தப் போராட்டத்தின் தலைவர் யார்? இதோ இருக்கிறாரே, இதே வீரையன்தான்! அப்போது மீசை முளைத்தும் முளைக்காத வயது. எங்கள் தெருவிலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவர். என்ன பேச்சு, என்ன பேச்சு! "உழைக்கிறவனுக்கு அளக்கிற கை நடுங்குதுன்னா, அந்தக் கையில இருந்து மரக்காலப் பிடுங்கணும்" என்று அவர் முழங்கினால் எங்களுக்குப் புல்லரிக்கும். போலீஸ் அவரைத் தேடி வந்தபோது அம்சக்கா தன் வைக்கோல் போரைப் பிரித்து, அவரை உள்ளே வைத்து மூடினாள். "வீரையன் எங்கம்மா?" என்று ஏட்டய்யா அதட்டினார். அம்சக்கா கொஞ்சமும் அசரவில்லை. "வீரையனா? ஊருக்கு மேக்கால குதுர மேல கத்திய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, போய்ப் புடிங்க. பொங்கலும் வச்சிட்டு வாங்க" என்றாள். ஏட்டய்யாவே சிரித்துவிட்டார். வைக்கோல் போரும் சிரித்திருக்கும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த வைக்கோல் போரில் ஒளிந்தவர் இப்போது நம் ஆலையில் தனி அறையில், மின்விசிறிக்கு அடியில் ஒளிந்திருக்கிறார். அம்சக்கா இரண்டு வருஷமாகக் கதவைத் தட்டியும் அவர் வெளியே வரவில்லை.

நிலம் வரும், நிலம் வரும் என்று காத்திருந்தோம். உச்சவரம்புச் சட்டம் வந்தது. நம் ஆட்சி, நம் சட்டம் என்று சந்தோஷப்பட்டோம். பண்ணை நிலமெல்லாம் ஒரே வாரத்தில் பேரன் பேரிலும், பிறக்காத பேரன் பேரிலும், பேர் தெரியாத அறக்கட்டளை பேரிலும் போய் உட்கார்ந்துகொண்டது. எங்களுக்கு வந்தது வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கு, அதுவும் உவர். அப்போதுதான் வீரையன் சொன்னார், "நிலம் வராட்டி போவட்டும், நெல்லு நம்ம கைக்கு வரணும். நாமளே ஒரு மில்லு வைப்போம்." கூட்டுறவுச் சங்கம் பதிந்தோம். சர்க்கார் கடன் கொடுத்தது. பங்குத்தொகை நாங்கள் போட்டோம். ஆட்டை விற்றவர்கள் உண்டு, அண்டாவை விற்றவர்கள் உண்டு. அம்சக்கா காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அன்றைக்குக் காதில் சொருகிய வேப்பங்குச்சிதான் அவளைப் பாடையில் ஏற்றும்போதும் இருந்தது.

ஆலைப் புகைக்கூண்டில் முதல் புகை கிளம்பிய நாளில் நாங்கள் தெருவே குலவையிட்டோம். அதுவரை அந்தப் பக்கம் புகை வந்தால் எங்கள் குடிசை எரிகிறது என்று அர்த்தம். அன்றைக்குத்தான் எங்கள் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம் ஆயிற்று.

தாய்மார்களே! அந்த அடுப்பு யாருக்குச் சோறு ஆக்கியது? அதைத்தான் இன்றைக்குப் பேச வேண்டும்.

அரிசி ஆலைத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று அரசாங்கம் அறிவித்தது. தனியார் மில்காரர்களே முனகிக்கொண்டு கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் ஆலைதானே, நாம் கேட்கக்கூட வேண்டியதில்லை என்று சும்மா இருந்தோம். மாதங்கள் போயின. ஒன்றும் வரவில்லை. ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் மெதுவாகக் கேட்டோம். வீரையன் அவர்கள் எழுந்தார். மைக்கைச் சரிசெய்தார். கண் கலங்கினார். அந்தக் கலக்கத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னது இது: "குறைஞ்சபட்சக் கூலி தொழிலாளிக்கு. நீங்க தொழிலாளியா? யாரு சொன்னது? இந்த ஆலையில பங்கு போட்டவங்க நீங்க. நூறு தலைமுறையா உங்களக் கூலின்னு கூப்பிட்டானுவ. நான் கூப்பிட மாட்டேன். நீங்க என் பங்காளி! பங்காளிக்கு எவனாவது கூலி குடுப்பானா?"

என்ன செய்தோம் தெரியுமா? கைதட்டினோம்! முதல் கைதட்டு அம்சக்காவுடையது. வேறு எந்த ஊர் ஜனமாவது கூலி இல்லை என்ற பேச்சுக்குக் கைதட்டுமா? நாங்கள் தட்டினோம். ஏன்? பண்ணையில் எங்களை ஆள் என்றார்கள், படியாள் என்றார்கள், அடியே என்றார்கள். எல்லை பிரித்துச் சண்டை போடுவதற்குக்கூட நிலம் உள்ளவன் வீட்டில்தான் பங்காளி இருப்பான். நிலமே இல்லாத எங்களைப் பார்த்து ஒரு பெரிய மனுஷன் பங்காளி என்று கூப்பிட்டால் மயங்காமல் என்ன செய்வோம்? அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்சக்கா, "பங்காளி புஷ்பம், பாத்து வாங்க பங்காளி, பள்ளம் பங்காளி" என்று கேலி பேசிக்கொண்டே வந்தாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதே பேரவையில், நாங்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போன பிறகு, இன்னொரு தீர்மானமும் நிறைவேறியிருக்கிறது. மேலாண்மை இயக்குநரின் மதிப்பூதியம் உயர்த்தப்பட்டது. சம்பளம் என்று சொல்லக்கூடாதாம், மதிப்பூதியமாம்! நல்ல தமிழ். அவருக்கு மதிப்பும் கிடைக்கிறது, ஊதியமும் கிடைக்கிறது. எங்களுக்கு இரண்டும் இல்லை. வீடு கொடுத்தார்கள், ஜீப் கொடுத்தார்கள். களத்தில் நெல் கிண்டும் ஒரு வரிசைப் பெண்களின் கூலியை எல்லாம் சேர்த்தாலும் அவர் மாதம் வாங்குவதை எட்டாது. ஏனய்யா இவ்வளவு என்று கேட்டதற்கு நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் விளக்கம் சொன்னார். "திறமைக்கேத்த சம்பளம் குடுக்கலேன்னா அவரு தனியார் மில்லுக்குப் போயிடுவாரும்மா. அப்பறம் ஆலை எப்படி ஓடும்?"

அய்யா, எனக்கு ஒரு சந்தேகம்! அவருக்குக் கூட்டிக் கொடுத்தால்தான் ஆலை ஓடுமாம். எங்களுக்குக் கூட்டிக் கொடுத்தால் ஆலை மூடிவிடுமாம். ஒரே ஆலை, ஒரே நெல், ஒரே அரிசி. அவர் விஷயத்தில் மேலே போகிற கணக்கு எங்கள் விஷயத்தில் மட்டும் எப்படிக் கீழே இறங்குகிறது? அவர் போய்விடுவார் என்று பயந்து கூட்டினீர்கள். நாங்கள் எங்கேயும் போக மாட்டோம் என்று தெரிந்துதானே குறைத்தீர்கள்? காதுத்தோட்டைப் போட்ட இடத்தை விட்டு ஒருத்தி எங்கே போவாள்?

அம்சக்காவுக்கு மெல்ல மெல்ல விளங்கிற்று. ஒருநாள் நேராக அவர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் உட்காரச் சொன்னார். இவள் உட்காரவில்லை.

"தம்பி, பங்காளின்னீங்க. சரி. பங்கு எங்க?"

"ஆலை வளர்ச்சிக்குப் போவுதுக்கா. இப்பப் பிரிக்க முடியாது."

"அப்ப கூலியக் குடுங்க."

"பங்காளிக்குக் கூலி சட்டத்துல இடமில்லக்கா."

 அம்சக்கா சொன்னாள், "பங்கு கேட்டா நான் கூலிக்காரி. கூலி கேட்டா நான் பங்காளி. நல்லாப் படிச்சிருக்கீங்க தம்பி." வெளியே வந்து களத்தில் இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல நெல்லைக் கிண்டினாள். அன்று மாலை என் கையைப் பிடித்து, "புஷ்பம், எனக்குக் கூலி கிடைக்கலேன்னாகூடப் பரவால்லடி. தொழிலாளின்னு ஒருத்தன் வாயால சொல்ல வச்சிட்டுத்தான்டி சாவேன்" என்றாள். மாயவரத்துத் தொழிலாளர் அலுவலரிடம் மனுப் போட்டோம். மனுவின் தலையில் அவள் பெயர்.

அதற்கு ஆலை என்ன செய்தது? பட்டம் கொடுத்தது! பொன்னாடை போர்த்தி, நாதஸ்வரம் வைத்து, 'ஆலை அன்னை' என்று பட்டம். அம்சக்கா அந்தப் பொன்னாடையை என்ன செய்தாள் தெரியுமா? களத்தில் காயும் நெல்லுக்கு மழை வந்தபோது அதையும் சேர்த்து மூடினாள். "ஒண்ணுக்கும் ஆவாதுன்னு நெனச்சேன், ஒரு சாக்கு அளவுக்கு ஆவுது" என்றாள்.

அவள் செத்தது களத்தில்தான். சித்திரை வெயில், அவிந்த நெல், இறங்கி ஏறுகிற ஆவி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வேலை நேரத்தில் வேலை இடத்தில் செத்த தொழிலாளிக்கு நஷ்டஈடு உண்டு. பங்காளிக்குக் கிடையாதாம். சொல்லிவிட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள்.

மாதா கோயிலுக்குப் போகும் எங்கள் வேதக்கார வீடுகளில் தீட்டுக் கணக்கு அவ்வளவாகக் கிடையாது. ஆகவே எனக்கு இது ராமாயி அக்கா சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை பங்காளி வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. உலை ஏறக்கூடாது. பச்சைப் பிள்ளை பசித்து அழுதாலும் சம்பந்தி வீட்டிலிருந்துதான் சோறு வரவேண்டும். சரிதானே தாய்மார்களே?

வீரையன் அவர்கள் அம்சக்காவின் புருஷனுக்கு ரத்தத்திலும் பங்காளி. இரண்டு பேருக்கும் ஒரே கொள்ளுப்பாட்டன். அவர் முறை தவறாதவர். சாவுச் செய்தி போன உடனே அவர் வீட்டில் எரிந்த அடுப்பைத் தண்ணீர் விட்டு அணைத்தார்கள். அவர் மனைவி கண்ணீரோடு வந்து கட்டிக்கொண்டு அழுதார். இவர் மீசையை எடுத்தார். பாடைக்குத் தோள் கொடுத்தார். இதோ பாருங்கள், மீசை இப்போதுதான் அரும்பிக்கொண்டு வருகிறது. இதில் ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. அவர் உண்மையாகத்தான் அழுதார்.

பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றோம். அதற்கு மேல் பெண்கள் போகிற வழக்கமில்லை. பாடை வாய்க்கால் கரைமேல் ஏறி, ஆலையைத் தாண்டிப் போனது. எங்கள் தெருமுனையிலிருந்து பார்த்தால் ஆலையின் புகைக்கூண்டு நேராகத் தெரியும். மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்த ராமாயி அக்கா சட்டென்று நிறுத்தினாள். என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"புஷ்பம், அங்க பாருடி. பொகை வருது."

"லோடு போவணுமாம்க்கா. பாய்லர அணைக்கக் கூடாதுன்னு உத்தரவாம்."

"அடி இவளே, பங்காளி செத்தா அடுப்பு எரியுமா? அவரு வூட்டு அடுப்ப அணைச்சாரு. இந்த அடுப்ப அணைக்கலியே. அப்ப நாம பங்காளி இல்லடி. கூலிதான். அவருக்கே தெரிஞ்சிருக்கு!"

பெரியோர்களே! இரண்டு வருஷமாக வக்கீல் தேடினோம், சட்டம் தேடினோம், சாட்சி தேடினோம். சாட்சி எங்கள் தலைக்கு மேலேயே வானத்தில் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. உமி தள்ளிய தோழர்களே, உங்களை நான் நோகவில்லை, தள்ளாவிட்டால் உங்களுக்கு வேலை இருக்காது. வேலைக்குப் பயந்து உமி தள்ளுகிறவனுக்குப் பெயர் பங்காளியா? சாவுக்கு வந்த களத்துப் பெண்களுக்கு அன்றைக்கு ஆஜர் இல்லை என்று போட்டார்கள். பங்காளி சாவுக்குப் போன பங்காளிக்கு ஆப்செண்ட் போடுகிற குடும்பம் இந்தச் சோழநாட்டில் எங்கேயாவது உண்டா?

வீரையன் அவர்களே! பண்ணைக்காரன் எங்களை ஏமாற்றினான். அவனிடம் நாங்கள் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை, ஆகவே அது வலிக்கவுமில்லை. நீங்கள் எங்கள் தெருவில் பிறந்தீர்கள். எங்கள் கஞ்சியைக் குடித்தீர்கள். அம்சக்காவின் வைக்கோல் போரில் மூச்சடக்கிக் கிடந்தீர்கள். அடித்து வாங்கியிருந்தால் திருப்பி அடித்திருப்போம். நீங்கள் உறவு சொல்லிப் பிடுங்கினீர்களே அய்யா! இனி எவனாவது எங்களைப் பாசமாகக் கூப்பிட்டால் மடியைத் தடவிப் பார்க்கிற நிலைமைக்கு எங்களை ஆக்கிவிட்டீர்களே!

இதோ இந்தத் திரைக்குப் பின்னால் அம்சக்காவின் படம் இருக்கிறது. நீங்கள் திறந்து வைப்பதாக நோட்டீஸில் போட்டிருக்கிறது. படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று காலையில் எட்டிப் பார்த்துவிட்டேன். 'ஆலையின் மூத்த பங்காளி' என்று எழுதியிருக்கிறது. செத்த பிறகுமா?

நாளைக்கு மாயவரத்தில் விசாரணை. அம்சவல்லி என்று கூப்பிடுவார்கள். மனுதாரர் இறந்துவிட்டார், தள்ளுபடி செய்யுங்கள் என்று ஆலை வக்கீல் சொல்லப் போகிறார். போகிறவர்களுக்கு மறுநாள் கேட் திறக்காது என்று நேற்றிலிருந்து காதுக்குக் காது சொல்லி அனுப்புகிறார்கள். ஒரே ஒரு வழி இருக்கிறது, நாங்கள் மாயவரம் போக வேண்டியதே இல்லை. வீரையன் அவர்களே, இதோ மைக். அம்சக்கா ஒரு தொழிலாளி என்று சொல்லுங்கள். நீளமாக வேண்டாம். ஒரு சொல் போதும். நான் நிறுத்துகிறேன். சொல்லுங்க.

சொல்லுங்க தம்பி. அம்சக்கா உங்களை அப்படித்தான் கூப்பிடுவாள்.

சரி. தலை குனிந்துகொண்டார். அவரை யாரும் சத்தம் போட வேண்டாம். உட்காருங்கள். இது இரங்கல் கூட்டம்.

தாய்மார்களே! அம்சக்காவுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி மாலையில் இல்லை, காலை முதல் பஸ்ஸில் இருக்கிறது. நான் போகிறேன். யார் யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள். ராமாயி அக்கா முதல் கை! அம்மாடி, அந்தக் கடைசி வரிசையிலுமா? பாய்லர்த் தோழரே, நீங்களுமா? வாங்க, வாங்க. போதும், இறக்குங்கள், கண் கலங்குகிறது எனக்கு.

அலுவலர் கேட்பார், நீங்கள் தொழிலாளியா, பங்காளியா என்று. எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். "அய்யா, அம்சம் செத்தன்னிக்கு ஆலையில பொகை வந்துச்சு." அவரும் இந்தச் சீமைக்காரர்தான், அவருக்குப் புரியும். அவள் சாவதற்கு முன் கேட்க ஆசைப்பட்ட சொல்லை அவள் பெயருக்கு முன்னால் எழுத வைத்துவிட்டுத்தான் திரும்பி வருவோம். கேட் சாத்தியிருந்தால் கேட்டுக்கு முன்னால் உட்காருவோம். லாரியைத் திருப்பியவளோடு வேலை பார்த்தவர்கள் நாம்.

தொடக்கத்தில் ஒரு பெயர் தேடினேன். கிடைத்துவிட்டது.

முதலாளி அவர்களே! எழுந்திருக்க வேண்டாம், அப்படியே உட்காருங்க. ராமாயி அக்கா, மேல வாங்க. அடியில எழுதியிருக்குறத அழிச்சிட்டு, படத்த நீங்க திறங்க.